பரீதா கூப்பிடாமல் போன கடப்படி

பரீதாவை நல்லவள் எண்டு ஆரும் சொன்னா எனக்குக் கோவம் வரும். பொல்லாதவள் எண்டு சொன்னா அதைவிடக் கோவம் வரும். ரெண்டையும் சொல்ல இந்தக் குறிஞ்சாக்கேணியில எனக்கு மட்டும்தான் உரிமை கிடக்கு. அவளோட கூடப்பிறந்த காக்காவை, அவள்ட அண்ணனைக் கட்டினவள் நான். என்ட சீதன வீடும் அவள்ட சீதன வீடும் ஒரே வேலிக்கு இஞ்சால ஒண்டு, அங்கால ஒண்டு. அவள் சிரிச்சாலும் எனக்குக் கேட்கும், அழுதாலும் எனக்குக் கேட்கும். போன வருசம் நோன்புக்கு முன்னம் அவள் மௌத்தாகி மண்ணுக்குள்ள போன பிறகு ஊரில ஆளுக்கொரு கதை சொல்லித் திரியுறாங்க. வாய் இருக்கிறவனெல்லாம் நீதவான். அதுதான் இந்த றஹ்மாவும் வாயைத் திறக்கிறாள்.

அவள்ட புருசன் முஹம்மது தம்பியில இருந்து தொடங்க வேணும். நல்ல மனிசன். சேனை வெட்டுவார், களப்பில வலை போடுவார், ஆரோடயும் சண்டைக்குப் போகாதவர். பெரிய வெள்ளம் வந்து வத்தின கையோட ஒரு நாள் காலமை வயித்துக்குள்ள கத்தி போட்ட மாதிரி நோவுது எண்டு சுருண்டு படுத்தார். பரியாரி வந்து அமத்திப் பார்த்திட்டு, இது என்ட கைக்கு அடங்காது, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க எண்டார். கொண்டு போறதெண்டா லேசா? எங்கட ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில தண்ணி. களப்பைத் தாண்டித் தோணியிலயே துறைமுகப் பக்கம் போய் இறங்க வேணும். இல்லாட்டித் துறை துறையா மாறி, பஸ்ஸுக்குக் காத்து நிண்டு போக வேணும்.

வெள்ளத்தில ஊரில பாதித் தோணி உடைஞ்சு போச்சு. மிச்சத் தோணிக்காரர்ட வீட்டுக்கெல்லாம் பரீதா ஓடினாள், பிள்ளை ஸல்ஹாவை இடுப்பில வச்சுக்கொண்டு. ஒருத்தர்ட தோணி ஒழுகுது. ஒருத்தர் மீனுக்குப் போயிட்டார். ஒருத்தர்ட துடுப்பு மச்சான் வீட்டில கிடக்கு. ஆரும் ஏலாது எண்டு சொல்லல்ல, அதையும் சொல்ல வேணும். எல்லாரும் பாவம் பாவம் எண்டுதான் சொன்னாங்க. பின்னேரம் ஒரு தோணி கிடைச்சு, அவரை ஏத்தி, பாதித் தண்ணி தாண்ட முதல் அவர் போயிட்டார்.

அடுத்த நாள் மௌத்து வீட்டுக்கு அரிசி வந்திச்சு பாருங்க. கடகத்தில வந்திச்சு, சாக்கில வந்திச்சு, மாட்டு வண்டியிலயும் வந்திச்சு. தோணி ஒழுகுது எண்டவர்தான் பெரிய சாக்கு. எங்கட ஆக்கள் அப்படித்தான், மையத்தை, உசிர் போன உடம்பைக் கண்டா மனசு உருகி ஓடும். பரீதா அந்தச் சாக்குகளைப் பார்த்தபடி இருந்தாள். அழுகை இல்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "மச்சி, இந்த அரிசி முந்தியே வந்திருந்தா ஒரு தோணியை வருசம் முழுக்க எங்கட துறையில கட்டி வச்சிருக்கலாமே" எண்டாள். புருசன்ட கபுறு மண் காயாத நேரத்தில இப்படியொரு கணக்குப் போடுறாளே எண்டு எனக்குப் பட்டது.

புருசன் போனவள் வெளியில இறங்காத இத்தாக் காலம் முடியுற மட்டும் வீட்டுக்குள்ள இருந்து இதையேதான் யோசிச்சிருக்கிறாள். முடிஞ்ச கையோட ஆதம்பாவா மரைக்கார்ட வீட்டுக்குப் போனாள். அவர் பள்ளிவாசல் பொறுப்பாளர். பரீதா கேட்டது இதுதான். எங்கட வீடுகள்ல சோறாக்க அரிசி அளந்தா, உலையில போட முதல் பள்ளிக்கெண்டு ஒரு பிடி எடுத்து மண் முட்டியில போடுறது பழைய வழக்கம். அதே மாதிரி வருத்தம் வந்து நோயில கிடக்கிறவங்களுக்கெண்டு இன்னொரு பிடி எடுக்க வேணும். ஒவ்வொரு வீடும், விருப்பமிருந்தாலும் இல்லாட்டியும். அந்த அரிசியில ஒரு தோணிக்காரன்ட வீட்டுக்குச் சோறு போட்டா, அவன் மீனுக்குப் போகாம எந்த நேரமும் துறையடியில நிப்பான். உம்மா ஆஸ்பத்திரியில கிடந்தா பிள்ளையளுக்குக் கஞ்சி காய்ச்சவும் அதில எடுக்கலாம்.

இதுக்கெண்டு பள்ளி வளவில கூட்டம் போட்டாங்க. பொம்புளையள் நாங்க கிடுகுத் தட்டிக்குப் பின்னால. ஆம்புளையள் கதைச்ச கதையைக் கேட்டா இண்டைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். தர்மமெண்டா மனசால வர வேணும், வற்புறுத்தி வாங்கினா அது வரி எண்டார் மரைக்கார். அவனவன் உடம்பை அவனவன்தான் பார்க்க வேணும், பீடி குடிச்சு இருமுறவனுக்கு நான் ஏன் அரிசி குடுக்கிற எண்டார் இன்னொருத்தர். அரசாங்கம் ஆஸ்பத்திரியைச் சும்மா தந்திருக்கு, பிறகென்ன பிடியும் முட்டியும் எண்டு இன்னொரு ஆள். அப்ப தட்டிக்குப் பின்னால இருந்து பரீதாட குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரி சும்மாதான் காக்கா. ஆனா அது தண்ணிக்கு அங்கால கிடக்கு. வருத்தம் வந்த பிறகு போய்க் கேட்டா அது பிச்சை. சுகமா இருக்கிற நேரம் எல்லாரும் வச்சா அது எல்லாருக்கும் சொந்தம்."

பள்ளி வளவில அதுவரைக்கும் ஒரு பொம்புளை வாய் திறந்ததில்லை. மரைக்கார்ட மகள் அந்த நேரம் பிள்ளை வயித்தோட இருந்தாள். தனக்குத் தனக்கெண்டா சுளகும் படக்குப் படக்கெண்ணும் எண்டு சும்மாவா சொன்னாங்க. கடைசியில அவரே ஓம் எண்டார்.

அரிசி எடுக்கிற பொறுப்பை அவளிட்டயே குடுத்தாங்க. சட்டமும் அவள் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை காலமை அவள் கடகத்தோட வருவாள், ஒவ்வொரு கடப்படியிலயும், அதுதான் வேலியில விட்ட வாசல், நிண்டு "பிடியரிசி" எண்டு கூப்பிடுவாள். மூண்டு வெள்ளி கூப்பிட்டும் தராத வீட்டை நாலாம் வெள்ளி கூப்பிட மாட்டாள். அந்த வீடு பிடிக்கு வெளியில. வருத்தம் வந்தா அவங்கட பாட்டை அவங்க பார்க்க வேண்டியதுதான். இன்னொரு சட்டமும் இருந்தது. எடுத்து வச்ச பிடி உன்ட அரிசி இல்லை. அடுப்புப் பத்தாம பிள்ளை அழுதாலும் அதை எடுத்துத் திரும்ப உலையில போடக்கூடாது. இதைக் குமருப் பிள்ளையளுக்கெல்லாம் பரீதா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாள். அவள்ட மகள் ஸல்ஹா நடக்கப் பழகினதே அந்தக் கடகத்துக்குப் பின்னாலதான்.

ஸெய்னுதீன் எண்ட தோணிக்காரனைத் துறையடியில வச்சம். கறுத்த, கதை குறைஞ்ச பொடியன். எத்தனை உசிரை அவன் அக்கரைப்படுத்தினான் எண்டு அல்லாவுக்குத்தான் தெரியும். பாம்பு கடிச்ச பிள்ளை, கால்ல மண்வெட்டி வெட்டினவன், பிள்ளை குறுக்க கிடந்து அவதிப்பட்டவள். ஒருக்கா ஒருத்தன் அடுத்தவன்ட தென்னையில கள்ளமா இளநி பிடுங்க ஏறி, விழுந்து இடுப்பை முறிச்சுக்கொண்டான். தென்னை வளவுக்காரர் துறையடிக்கே வந்து, கள்ளனுக்கு என்ட அரிசியில தோணியா எண்டு கத்தினார். பரீதா அவரை ஏற இறங்கப் பார்த்திட்டு, அவன்ட பொஞ்சாதி பிடி தந்தவள், தென்னை தந்ததெண்டு நான் சொல்லல்ல எண்டாள். தோணி போச்சு. கனகாலம் ஊரில இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சம்.

அந்தச் சிரிப்புக்கு உள்ளதான் முனாப் வந்து சேர்ந்தது.

முனாப் மூதூர்ப் பொடியன். துறைமுகத்தில கப்பல்ல இருந்து மூட்டை இறக்கிற வேலை. ஸல்ஹாவைக் கட்டி, எங்கட வழக்கப்படி பரீதா கட்டின சீதன வீட்டுக்குக் குடிவந்தான். பரீதாட மற்றப் பக்கத்து வீடு லைலாட, அதைத் தாண்டினா அந்த வளவு. குற்றம் சொல்லக் கூடாது, சுறாக் கணக்கில உடம்பு, பீடி இல்லை, வெத்திலை இல்லை, பொஞ்சாதியில உசிர். ஆனா பொஞ்சாதி வீட்டில இருக்கிற ஆம்புளைக்கு ஒரு ரோசம் இருக்கும் பாருங்க, அது அவனுக்குக் கொஞ்சம் கூட. வீடு அவளோட, வளவு அவளோட, தன்ட எண்டு சொல்ல அவனுக்கு இருந்தது தன்ட முதுகும் தன்ட வாயும்தான். இளநிக் கள்ளன்ட கதையைக் கேட்டு நாங்க சிரிச்ச நேரம் அவன் சிரிக்கல்ல.

பாணுக்கும் மாவுக்கும் வரிசையில நிண்ட காலம் வந்தது. கூப்பன் அரிசியைக் குறைச்சுப் போட்டாங்க. மரவள்ளிக் கிழங்கை அவிச்சுத் திண்டு திண்டு நாக்குச் செத்துப் போச்சு. துறைமுகத்தில கப்பலும் குறைவு, முனாப்புக்கு வேலையும் குறைவு. அந்தக் காலத்திலயும் பரீதா கடகத்தோட வந்தாள். அரிசி ஆக்குற அண்டைக்கு ஒரு பிடி, ஆக்காத அண்டைக்கு இல்லை, அவ்வளவுதானே எண்டாள். அந்த நேரத்திலதான், கலியாணம் கட்டிக் கன வருசத்துக்குப் பிறகு ஸல்ஹாட வயித்தில பிள்ளை நிண்டது. பரீதா என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். புருசன் மௌத்துக்கு அழாதவள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட, முனாப் கடப்படிக்கு வந்தான். மரியாதையாத்தான் கதைச்சான், நானும் பக்கத்தில நிண்டனான்.

"மாமி, கோவிக்காதீங்க. இனி இந்த வீட்டில பிடி இல்லை. என்ட பொஞ்சாதிக்கு ஒண்டெண்டா நான் பார்ப்பன். தென்னையில ஏறி விழுந்தவனை அவன்ட பொஞ்சாதி பார்க்கட்டும். பிள்ளைத்தாச்சி வயித்துக்குக் காணாத அரிசியில ஊருக்கு எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல்ல."

இதில பிழை என்ன எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் சும்மா வாயால சொன்னவனுமில்லை. டவுனில ஒரு தோணிக்காரனோட கதைச்சு, அடுத்த பிறைக்கு வந்து நிக்க வேணுமெண்டு சொல்லி வச்சிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு கூட்டாளி வீட்டில அவள் தங்க அறையும் பார்த்து வச்சிருந்தான். தன்ட பொறுப்பைத் தான் பார்க்கிற ஆம்புளை எண்டா அப்படித்தான். பரீதாவும் விட்டுக் குடுக்கல்ல. பட்டினி கிடக்கிறவனுக்குத்தான் வருத்தம் முதல்ல வரும் மகன், நல்லா இருக்கிறவன் மட்டும் வச்சா அது பிடியே இல்லை எண்டாள். ரெண்டு பேரும் தாங்க பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிண்டாங்க. இன்னும் ரெண்டு வெள்ளி கூப்பிட்டாள். உள்ளுக்க இருந்து ஒருத்தரும் வரல்ல. நாலாம் வெள்ளி அந்தக் கடப்படியில அவள்ட கால் நிக்கல்ல.

நான் வாய் நோகச் சொன்னன். உன்ட முட்டியில இருந்து மகளுக்கெண்டு ஒரு பிடி அள்ளிப் போட்டா ஆர் கேட்கப் போற எண்டன். "என்ட மகளுக்கு நான் போட்டா, உம்மா இல்லாதவளுக்கு ஆர் மச்சி போடுற?" எண்டு கேட்டாள். அதோட விட்டாளா? பிடி வாற மட்டும் அந்த வீட்டுத் தண்ணி எனக்கு வேணாம் எண்டும் ஒரு வாய் விட்டாள். அந்தச் சொல் ஸல்ஹாட காதுக்குப் போகாம இருக்குமா, கிடுகு வேலியால எல்லாம் போகும். அதுக்குப் பிறகு ஸல்ஹா உம்மா வீட்டுக்கு வாறதும் குறைஞ்சது. வந்தா பிடிக் கதைதான் வரும். புருசனையும் விட்டுக் குடுக்க ஏலாது, உம்மாவையும் எதிர்த்துக் கதைக்க ஏலாது. நடுவில நான் ஒருத்தி, உம்மா இடிச்ச உள்ளிச் சம்பலை மகளுக்கும், மகள் சுட்ட ரொட்டியை உம்மாவுக்கும் தூக்கிக்கொண்டு திரிஞ்சன். நோவு வந்தா சொல்லி அனுப்பட்டும், நான் ஓடாம இருப்பனா எண்டு பரீதா கேட்பாள். உம்மா ஒருக்கா வந்து கூப்பிட்டாப் போதும் மாமி எண்டு ஸல்ஹா சொல்லுவாள். மகள் சொல்லி அனுப்பட்டும் எண்டு உம்மா, உம்மா கூப்பிடட்டும் எண்டு மகள். நடுவில ஒரே ஒரு வளவுதான் கிடந்தது.

அண்டைக்கும் வெள்ளிக்கிழமை. முனாப் விடியவே துறைமுகத்துக்குப் போயிட்டான், கப்பல் ஒண்டு வந்திருந்தது. நான் கிண்ணியாவில ஒரு கலியாண வீட்டில. நடந்ததைப் பிறகு லைலாதான் சொன்னாள். உம்மா வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவில இருக்கிறவள் அவள்தானே, கலியாணம் முடிச்சு ஒரு வருசம் ஆகாத சின்னப் பொம்புளை. நெருப்புக் கேட்டு ஸல்ஹா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஸல்ஹா குசினியில அடுப்படிச் சுவரோட சாய்ஞ்சு இருந்திருக்கிறாள், சீலை நனைஞ்சு, கீழே ரெத்தம். நோவு இல்லையாம். அடுத்த பிறைக்குத்தானே, இது நிண்டுடும் எண்டு சொல்லியிருக்கிறாள். லைலா பயந்துபோய், ஸெய்னுதீனைக் கூட்டி வாறன் எண்டு எழும்ப, ஸல்ஹா கையைப் பிடிச்சுக்கொண்டாளாம். எங்கட வீடு பிடியில இல்லை லைலா, உம்மாட சட்டத்தை உம்மாட மகளே முறிச்சா ஊர் அவட முகத்தில துப்பும் எண்டாளாம். பொறு, இண்டைக்கு வெள்ளி, உம்மா இப்ப இந்தப் பக்கம் வருவா எண்டாளாம்.

பரீதா வந்தாள்தான். லைலாட கடப்படியில நிண்டு "பிடியரிசி" எண்டு கூப்பிட்டது இங்க உள்ளுக்குக் கேட்டதாம். லைலாட வீட்டில ஆள் இல்லை, பதில் இல்லை. லைலா சத்தம் போடப் போக, ஸல்ஹா வேணாமெண்டு தலையை ஆட்டினாளாம்.

"எங்கட வாசல்ல நிண்டு கூப்பிட்டா ஓடிப்போய்ச் சொல்லு. கூப்பிடாட்டி சொல்லாத."

கிடுகு வேலிக்கு அங்கால பரீதாட வெள்ளை முக்காடு போறது தெரிஞ்சுதாம். கடப்படியில நிக்கல்ல. அடுத்த வீட்டில குரல் கேட்டது, பிறகு அதுக்கு அடுத்த வீட்டில. ஸல்ஹா அந்தக் குரல் தூரத்தில போற மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். என்ட ரப்பே, இதை நினைச்சா இண்டைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அடி மகளே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? உம்மா எண்டு ஒரு சொல்லு?

ரெத்தம் நிக்கல்ல. கண் சொருகத் தொடங்கின பிறகுதான் லைலா கையை உதறிக்கொண்டு ஓடினாள். அப்ப ஜும்ஆத் தொழுகை நடக்குது. ஸெய்னுதீன் சஃப்பில, தொழுற வரிசையில இருந்து இறங்கி, செருப்பும் போடாம துறையடிக்கு ஓடினான். பிடி தந்த வீடா தராத வீடா எண்டு அவன் கேட்கல்ல. இத்தனை வருசத்தில எப்பயாவது நான் கேட்டனானா எண்டு பிறகு என்னட்ட வந்து நெஞ்சில அடிச்சு அழுதான். கேட்டதே இல்லை. பிடிக்கு வெளியில இருந்த எந்த வீடும் அவனிட்ட வரவும் இல்லை. தோணியை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லல்ல, கேட்க வேணாமெண்டு ஸல்ஹாதான் தனக்குள்ள தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

செய்தி கேட்ட பரீதா கடகத்தை நடு ரோட்டில போட்டிட்டு ஓடி வந்தாள். அரிசி மண்ணில சிதறிக் கிடந்து கோழி கொத்தினது. தோணியில மகள்ட தலையை மடியில வச்சுக்கொண்டு, நான் வந்திட்டன் மகள், உம்மா வந்திட்டன் எண்டு சொல்லிக்கொண்டே போனாளாம். ஸல்ஹா ஒருக்கா கண் திறந்து பார்த்ததாக ஸெய்னுதீன் சொன்னான். ஆஸ்பத்திரியில அவங்களால ஏண்டதெல்லாம் செய்தாங்க. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே எண்டார் டொக்டர். உம்மாவும் பிள்ளையும் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் போய்ச் சேர்ந்தாங்க. துறைமுகத்தில இருந்து முனாப் மாத் தூசி படிஞ்ச உடம்போட ஓடி வந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில வெறும் நிலத்தில விழுந்தான். அவ்வளவு பெரிய உடம்பு.

மௌத்து வீட்டுக்கு அரிசி வந்திச்சு. அந்தப் பஞ்ச காலத்திலயும் வந்திச்சு. பரீதா அந்தச் சாக்குகளைப் பார்த்த பார்வையை நான் இன்னொருக்காப் பார்க்க மாட்டன்.

ஊரில கதை ரெண்டாப் பிரிஞ்சது. தராதவன் அனுபவிச்சான், சட்டம் எண்டா சட்டம்தான் எண்டு ஒரு கூட்டம். நாக்கு அழுகிப் போவாங்க. பெத்த மகளையே பலி குடுத்த சட்டம், இதோட பிடியும் வேணாம் முட்டியும் வேணாம் எண்டு மற்றக் கூட்டம். ஆதம்பாவா மரைக்கார் வயசு போன காலத்தில திரும்பவும் கூட்டம் போட்டு, அவரவர் விருப்பப்படி குடுக்கட்டும், நான் அண்டைக்கே சொன்னனான் எண்டார். தட்டிக்குப் பின்னால பரீதா எனக்குப் பக்கத்தில இருந்தாள். முடிவில்லாமக் கூட்டம் கலைஞ்சது.

நாப்பதாம் கத்தம் ஓதி முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை, அவள் கடகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினதைக் கண்டு நானும் பின்னால போனன். விழுந்திடுவாளோ எண்டு பயம். லைலா வீட்டில கூப்பிட்டாள், லைலா தந்தாள். அடுத்தது ஸல்ஹாட வளவு. பரீதா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நடையைக் கூட்டினாள். கடப்படியில முனாப் நிண்டான். கையில ஒரு மண் முட்டி, வாய் வரைக்கும் அரிசி.

"மாமி, இது உங்கட மகள் எடுத்து வச்சது" எண்டான். "உலை வைக்கிற நேரமெல்லாம் ஒரு பிடி எடுத்தாள். எனக்குத் தெரியும். பார்க்காத மாதிரி இருந்தனான்."

பரீதாவுக்கு முதல்ல விளங்கல்ல. "தர வேணாமெண்டு நீங்கதானே மகன் சொன்னது" எண்டாள்.

"சொன்னனான்தான். நான் பார்ப்பன் எண்டும் சொன்னனான். பார்க்க வேண்டிய நேரம் நான் அங்க இல்லை. அதை நான் அல்லாட்ட சொல்லுவன்." முட்டியை இன்னும் கிட்ட நீட்டினான். "ஆனா அவள் இதை உங்களுக்கெண்டு வச்சிருந்தாள் மாமி. வேலையில்லாம நான் வீட்டில கிடந்த வெள்ளிக்கெல்லாம் பார்த்தனான். இந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு குசினி வாசல்ல வந்து நிப்பாள். உம்மா கூப்பிட்டா ஓடிப்போய்க் குடுத்திட்டு வந்திடுவன் எண்டு. நீங்க கூப்பிடல்லையே."

எடுத்து வச்ச பிடி உன்ட அரிசி இல்லை. பரீதாட சட்டம்தானே அது. அந்தச் சட்டப்படி ஸல்ஹாட வீடு ஒரு நாளும் பிடிக்கு வெளியில இருக்கல்ல. தோணி அவளோட. கேட்க எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. பரீதா அப்படியே வேலியைப் பிடிச்சுக்கொண்டு மண்ணில இருந்திட்டாள். பிறகு ஒரு சத்தம் வந்தது அவளிட்ட இருந்து, புருசன் போன நேரமும் வராத, மகளை அடக்கின அண்டைக்கும் வராத சத்தம். அக்கம்பக்கத்தில இருந்தவங்க எல்லாரும் ஓடி வந்தாங்க. முனாப் மட்டும் முட்டியைக் கீழே வைக்காம நிண்டான்.

அந்த அரிசியை அவள் கடகத்தில வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டு போகல்ல, நேரா ஸெய்னுதீன்ட வீட்டில கொட்டினாள். அங்க இருந்து மரைக்கார்ட வீட்டுக்குப் போய், தட்டி மறைப்பு ஒண்டுமில்லாம வாசல் முத்தத்தில நிண்டு சொன்னாள். பிடி கட்டாயம்தான், அதில மாத்தமில்லை. ஆனா இனி ஒரு வீடும் வெளியில இல்லை. தராதவன்ட வாசல்லயும் நான் நிண்டு கூப்பிடுவன். கூப்பிட்டும் தராட்டி என்ன செய்வாய் எண்டு மரைக்கார் கேட்டார். அடுத்த வெள்ளியும் கூப்பிடுவன் எண்டாள்.

அது சரியான சட்டமா எண்டு எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு சிலபேர் தராமலே தோணியில ஏறினாங்க, அதையும் நான் மறைக்கல்ல. பரீதா அவங்களோட சண்டை பிடிச்சாள், வாய்க்கு வந்தபடி ஏசினாள், ஆனா ஒரு கடப்படியையும் தாண்டிப் போகல்ல. முனாப் கொஞ்ச நாள்ல மூதூருக்கே போயிட்டான். பொஞ்சாதி இல்லாத சீதன வீட்டில ஆம்புளை எப்படி இருக்கிற. வீட்டைப் பூட்டித் திறப்பை மாமிட கையில குடுத்திட்டு, அவட காலைத் தொட்டுக் கும்பிடுற மாதிரிக் குனிஞ்சான். அவள் பிடிச்சுத் தூக்கி, அவன்ட தலையைத் தடவி அனுப்பி வச்சாள்.

பூட்டின வீட்டை ஆர் வாடகைக்குக் கேட்டாலும் அவள் குடுக்கல்ல. கண் மங்கி, முதுகு வளைஞ்சு, கடகத்தை லைலா தூக்கி வாற காலத்திலயும் வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கடப்படிக்கு வந்தா நிப்பாள். "மகள், பிடியரிசி" எண்டு ஒருக்காக் கூப்பிடுவாள். குசினியில இருந்து ஒரு ஆள் முட்டியைத் தூக்கிக்கொண்டு கடப்படிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் செல்லுமோ, அவ்வளவு நேரம் நிப்பாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போவாள்.